பூஜ்யம் புள்ளி, ஐந்து ஃபவுல்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனிக்குப் பின்னால் ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் இருந்தது. சிமென்ட் தரை, துருப்பிடித்த இரண்டு கம்பம், சுற்றிலும் தைல மரங்கள். அங்கேதான் அந்த அக்காவை முதலில் பார்த்தேன். சரியாகச் சொன்னால் முதலில் பார்த்தது அவர் கையைத்தான். கூடைக்கு அடியில் ஆறேழு பெண்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். விசில் அடித்தது. யாரைக் காட்டுவது என்று ரெஃப்ரி தடுமாறி நிற்கும்போதே கூட்டத்துக்கு நடுவிலிருந்து நீளமான கை ஒன்று மேலே எழும்பியது. ரெஃப்ரி நிம்மதியாக அந்தக் கையைக் காட்டினார். நான் ஸ்கோர் ஷீட்டில் அந்த நம்பருக்கு நேராக ஒரு ஃபவுலைக் குறித்துக்கொண்டேன்.

இடித்தது அந்த அக்கா இல்லை என்று எனக்குத் தெரியும். லாவண்யாவின் முழங்கை போன திசையை மேஜையிலிருந்தே பார்த்திருந்தேன். ஆனால் மேஜையில் உட்கார்ந்திருப்பவள் கண்ணால் பார்த்ததை எழுத முடியாது. ரெஃப்ரி விரலால் காட்டும் நம்பரைத்தான் எழுத வேண்டும். நான் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்தவள். பி.காம். படித்தவள், கணக்கு வரும் என்று கம்பெனி டீமின் கோச் சார் என்னைக் கூப்பிட்டு அந்த மேஜையில் உட்கார வைத்திருந்தார். விளையாட்டைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போய்விட வேண்டும், அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது.

பயிற்சி முடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் கேட்டேன்.

"லாவண்யாதானே இடிச்சா? நீங்க ஏங்க்கா கை தூக்கினீங்க?"

"அவ வெளிய போயிட்டா கூடை யாரு போடறது? நானா?" முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே சிரித்தார். "என் கைதானே நஸ்ரீனு. தூக்கனா தேஞ்சா பூடும்?"

அவருக்குக் கூடை போட வராது என்பது உண்மைதான். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு ஓடுவார், மறிப்பார், துள்ளிப் பந்தைப் பிடித்து உடனே லாவண்யாவுக்குக் கொடுத்துவிடுவார். தானாக எறிந்து நான் பார்த்ததில்லை. டீமில் அவரை 'அஞ்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியிலிருந்து ஆட வருகிறவர்கள் அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஐந்து ஃபவுலையும் வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர் என்பதால் வந்த பெயர் அது. நிஜப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

கோர்ட்டில் மட்டும் என்றால் இதை ஆட்டத்தின் தந்திரம் என்று விட்டிருக்கலாம். அக்கா தங்கியிருந்த கம்பெனி ஹாஸ்டலுக்கு நான் அடிக்கடி போவேன். எங்கள் வீடு ஓசூரிலேயே இருந்தது, வாப்பாவுக்குப் பழைய இரும்பு வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை அம்மா செய்த பிரியாணியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனால் அக்காவின் அறையில் இருக்கும் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு நாள் வார்டன் அம்மா கதவைத் தட்டினார். மாடியில் யாரோ குழாயை மூட மறந்து, தொட்டி முழுக்கக் காலி.

"யாருடி அது? இப்ப சொல்லலைன்னா ரூம்ல அத்தினி பேருக்கும் ஒரு மாசம் வெளிய போக அவுட்பாஸ் கெடையாது."

அக்கா வாயில் இருந்த சோற்றை விழுங்காமலேயே கை தூக்கினார். அன்று காலையிலிருந்து அவர் என்னோடு பாகலூர் ரோட்டில் செருப்பு வாங்க அலைந்துகொண்டிருந்தார். மாடிக்கே போகவில்லை. குழாயைத் திறந்துவிட்ட பெண் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். வார்டன் திட்டிவிட்டுப் போனதும், "தேங்க்ஸ்க்கா" என்றாள். இரண்டு மூன்று மாதத்தில் அந்த 'தேங்க்ஸ்' கூட நின்றுபோனது. எது உடைந்தாலும், எது தொலைந்தாலும், அறையில் எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று புதிதாக ஆரம்பித்தார்கள். ரோஜாப்பூ ஏற்றுமதி செய்யும் முதலாளி ஒருவர் எங்கள் பகுதிக்கு ஒரு டீமை வாங்கினார். கம்பெனியிலிருந்து லாவண்யாவையும் அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். புள்ளிவிவரம் குறிக்க என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது காகிதம் இல்லை, லேப்டாப். யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ரீபவுண்ட், யார் எத்தனை பாஸ், யார் எத்தனை ஃபவுல் என்று நான் தட்டத் தட்ட அது அரங்கத்தின் பெரிய திரையில் தெரியும்.

முதல் ஆட்டம் பெங்களூரில், ஓர் உள்ளரங்கத்தில். மதியம் மேட்ச். ஜூஜுவாடி தாண்டியதும் லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றுவிட்டது. கோச் சார் எழுந்து ஒவ்வொரு சீட்டாக வந்து யாருக்கு என்ன வேலை என்று சொன்னார்.

"லாவண்யா, நீ போட்டுக்கிட்டே இரு. கால் நடுங்கினாலும் போடு." அடுத்து அக்கா பக்கம் திரும்பினார். "நீ அஞ்சையும் வாங்கு. மூணாவது குவார்ட்டர் வரைக்கும் தாக்குப் பிடிச்சா போதும்."

பஸ்ஸே சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அக்காதான்.

அந்த மாதிரி அரங்கத்துக்குள் நாங்கள் நுழைவது அதுதான் முதல் தடவை. மரத் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. கேமராக்கள். ஒவ்வொருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்துச் சொன்னார்கள். அக்காவின் பெயரைத் தப்பாக உச்சரித்தார்கள், அதற்கும் அவர் கை ஆட்டினார்.

மூன்றாவது குவார்ட்டரில் அது நடந்தது. எதிர் டீமின் ஏழாம் நம்பர் பெண் பந்தோடு உள்ளே புகுந்தாள். லாவண்யா திரும்பிய வேகத்தில் முழங்கை அவள் முகத்தில் பட்டது. விசில். வழக்கம் போல அக்காவின் கை முதலில் எழும்பியது. அவருக்கு அது ஐந்தாவது. ரெஃப்ரி அவரைக் காட்டிவிட்டார், நானும் தட்டிவிட்டேன். ஆனால் அன்றைக்குப் பெரிய திரை இருந்தது. நடந்ததை அதில் மெதுவாகத் திருப்பிப் போட்டார்கள். லாவண்யாவின் முழங்கை, அந்தப் பெண்ணின் மூக்கு, நாலடி தள்ளி நின்றிருந்த அக்கா. அரங்கம் முழுக்கப் பார்த்தது. முதலில் ஒரு பக்கம் சிரிப்பு எழுந்தது, பிறகு நாலு பக்கமும்.

ஏழாம் நம்பர் தரையில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்திருந்தாள். விரல்களுக்கு நடுவில் ரத்தம் வழிந்தது. அவள் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கன்னடத்தில் கத்தினாள்.

"அவளல்ல! அவளல்ல!"

அக்கா ரெஃப்ரியிடம் போய் நின்றார். "நானே சார், நானே மாடித்து," என்றார், அவருக்குத் தெரிந்த அஞ்செட்டிக் கன்னடத்தில். நான்தான் செய்தேன் என்று. இன்னும் கையை இறக்கவில்லை. கூட்டம் விசிலடித்தது. காட்டிய ஃபவுலை மாற்ற விதியில் இடமில்லை என்று, முறையிட வந்த எதிர் டீம் கோச்சை ரெஃப்ரி திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நாங்கள் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒவ்வொருவர் கணக்கும் வரிசையாக ஓடியது. லாவண்யா முப்பத்தொரு புள்ளி, ஒரே ஒரு ஃபவுல். மைக் பிடித்தவர், "எவ்வளவு சுத்தமான ஆட்டம்!" என்றார். அக்காவின் வரியில் பூஜ்யம் புள்ளி, மூன்று ரீபவுண்ட், ஐந்து ஃபவுல். ஏழாம் நம்பரின் மூக்குக்கு என் லேப்டாப்பில் கட்டம் எதுவும் இல்லை. அதைப் பற்றி அன்றைக்கு எனக்கு யோசனையும் வரவில்லை. அக்காவைப் பார்த்துச் சிரித்தார்களே என்றுதான் மனசு எரிந்தது.

திரும்பும்போது அத்திப்பள்ளியில் மறுபடி நெரிசல். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"இனிமே பண்ணாதீங்கக்கா. ஊரே சிரிச்சுது," என்றேன்.

அவர் சம்பந்தமில்லாத மாதிரி ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் ஊர் அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் பக்கம். காட்டை ஒட்டி அவர்களுக்குக் கொஞ்சம் ராகிக் கொல்லை. அண்ணன் காட்டுக்குள் போய் ஒரு மரத்தை வெட்டிவிட்டான். தேடிக்கொண்டு ஃபாரஸ்ட் ஆட்கள் வந்தார்கள்.

"எங்கப்பன வாசல்ல முட்டி போட வச்சிட்டாங்க. அண்ணன் குதிருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு கெடக்கறான். அவன் கெடைச்சா கொன்னே போட்டிருப்பாங்க. நான் அப்ப ஏழாவது படிக்கறேன். நான்தான் வெட்டுனேன்னு கை தூக்கிட்டேன்."

"நம்பினாங்களா?"

"எங்க நம்பறது? சிரிச்சாங்க. ஆனா சிரிச்சதும் கோவம் போயிடுச்சி பாரு. ஒருத்தன் என் தலைல ஒரு கொட்டு வச்சான். போயிட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க நஸ்ரீனு. அப்பன அடிக்கலயே."



லீக் அந்த ஒரு ஸீசனோடு படுத்துவிட்டது. அந்தப் புள்ளிவிவரங்களைக் காட்டி லாவண்யா வேறு மாநிலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கிக்கொண்டு போனாள். நான் குவாலிட்டிக்குத் திரும்பினேன். அக்கா கம்பெனியில் முன்பு வேலை பார்த்த பிரஸ் ஷாப்புக்கே திரும்பி வந்தார், லைன் லீடராக. தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பெரிய இயந்திரங்கள் அங்கே வரிசையாக இருந்தன. கை உள்ளே போனால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் சென்சார் ஒவ்வொன்றிலும் உண்டு. பச்சை விளக்கு எரிந்தால் சென்சார் வேலை செய்கிறது என்று அர்த்தம். சாவி போட்டு அதை அணைத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும்.

செல்வி அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ட்ரெய்னி. சிங்காரப்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். அன்று மதியம் நானும் அக்காவும் சாப்பிடப் போகும்போது அவள் இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா அதைத் தொட்டுக் காட்டி, "பாத்து செய்டி," என்று சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது கத்தல் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது. சாவி பேனலிலேயே தொங்கியது. செல்வியின் வலது கையில் கட்டை விரல் மட்டும்தான் மிஞ்சியது.

அந்த ஆர்டரின் லாட்டை அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் வந்து சாவியைத் திருப்பியதைப் பக்கத்து இயந்திரத்துப் பெண்கள் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்கள். மறுநாள் எங்களை எல்லாம் கான்ஃபரன்ஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். மேனேஜர் நின்றிருந்தார், சூப்பர்வைசர் அவருக்குப் பின்னால் சுவரோரம்.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வரப் போறார். நிர்வாகத்துத் தப்புன்னு ஆச்சுன்னா இந்த யூனிட்டுக்கு சீல் வச்சிடுவாங்க. உங்க எல்லாருக்கும் வேலை போயிடும். சென்சாரை ஆஃப் பண்ணது யாரு?"

அந்த இரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு ஒன்று நடந்தது. ஒருத்தர் விடாமல் எல்லாரும், மெதுவாக, அக்கா இருந்த பக்கம் திரும்பினார்கள். யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. மேனேஜர்கூட அங்கேதான் பார்த்தார். கை அதற்கு அப்புறம்தான் எழும்பியது.

"நான்தான் சார். சாப்பிடப் போறப்ப ஆஃப் பண்ணிட்டுப் போனேன்."

இன்ஸ்பெக்டர் வந்த அன்று நான் கூப்பிடாமலே உள்ளே போனேன். போகும்போது பச்சை விளக்கு எரிந்தது, நான் அவரோடுதான் இருந்தேன், சாவியைத் திருப்பியது சூப்பர்வைசர் என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அந்த இரண்டு பெண்களைக் கேட்டார். எதையும் பார்க்கவில்லை என்றார்கள். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு சொல்றது நிஜமா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"அது என் மேல இருக்கற பிரியத்துல சொல்லுது சார். சின்னப் பொண்ணு."

அறைக்கு வெளியே அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏங்க்கா என்னைப் பொய்க்காரி ஆக்கினீங்க?"

"இந்த யூனிட்ட மூடிட்டா எத்தினி பொண்ணுங்க ஊருக்குப் போவும் தெரியுமா? போயி யாரையாவது கட்டிக்கினு அடி வாங்கிக்கினு கெடக்கும். எனக்கென்ன, மூணு மாசம் வெளிய இருன்னு சொல்லியிருக்காங்க. அப்பறம் கூப்புட்டுக்குவாங்க. வுடு."

கூப்பிடவில்லை. போலீஸ் கேஸ் அவர் பெயரில்தான் பதிவானது. செல்வியின் அம்மா கம்பெனி வாசலில் மண்ணை வாரித் தூற்றியது அவர் மேல்தான். ஹாஸ்டலில் அறையைக் காலி செய்தபோது உதவிக்கு யாரும் கீழே இறங்கி வரவில்லை, வேலை நேரம். சூப்பர்வைசர் அதே லைனில் இருந்தார். ஒரு மாதத்தில் நான் வேலையை விட்டேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். செல்வி எங்கிருந்தோ என் நம்பர் வாங்கிப் பேசினாள். அவள் தங்கைக்கு நிரந்தர வேலை கேட்டுக் கம்பெனிக்குப் போயிருக்கிறாள். உன் கையைப் போக்கியது உன் லைன் லீடர், எங்கள் மேல் தப்பில்லை என்று ஆய்வு அறிக்கையிலேயே இருக்கிறது, போய் அவளைக் கேள் என்றார்களாம்.

"அவங்க எங்க இருக்காங்க? எனக்கு அவங்களப் பாக்கணும்," என்றாள்.

அக்கா ஜூஜுவாடியில் ஒரு பார்சல் குடோனில் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். செல்வியைப் பார்த்ததும் கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "கை எப்படிடி இருக்குது?" என்றார். செல்வி துப்பட்டாவுக்குள் இருந்து கையை எடுத்து, அதற்குப் பதிலாகக் காட்டினாள்.

"நெசமா சொல்லுங்க. நீங்கதான் ஆஃப் பண்ணீங்களா?"

குடோன் வாசலில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அக்கா, "இல்ல," என்றார்.

"அப்ப யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"அத்தினி பொண்ணுங்களுக்கும் வேலை..."

"எனக்கும் வேலை இருந்துச்சுக்கா." செல்வி கத்தவில்லை. "எனக்குப் பண்ணவன் யாருன்னு கேக்கறப்ப, உங்களத்தான் எல்லாரும் காட்டறாங்க. ஒரு வருஷமா நான் உங்களத் திட்டிட்டு இருக்கேன். எங்கம்மா கோயில்ல உங்க பேர எழுதிப் போட்டு சாபம் விட்டிருக்கு. அந்தாளு மேல எனக்குக் கோவப்படக்கூட வழியில்லாம நடுவுல நின்னுட்டீங்க."

அக்கா அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஏழாம் நம்பர் பெண் ஞாபகம் வந்தாள், தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தவள். அத்தனை ஆட்டம் குறித்திருக்கிறேன். அக்கா யாரைக் காப்பாற்றினார் என்று பார்த்திருக்கிறேன், அக்காவுக்கு என்ன ஆயிற்று என்றும் பார்த்திருக்கிறேன். அடி விழுந்தது யார் மேல் என்று ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை.

"நான் வந்து சொல்றேன்," என்றார் அக்கா. "எங்க வரணும்னு சொல்லு, வர்றேன்."

மூன்று பேரும் கிருஷ்ணகிரிக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார், உட்காரச் சொன்னார். அக்கா எழுந்து நின்றே சொன்னார். நான் செய்யவில்லை, சூப்பர்வைசர் செய்தார், நான் பொய் சொன்னேன் என்று. அதைச் சொல்ல அவருக்கு வரவே இல்லை. மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி, நடுவில் கன்னடத்துக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தார். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லும்போது அவர் குரல் இப்படித் திக்கி நான் கேட்டதேயில்லை. இப்போதுதான் பொய் சொல்கிறவர் மாதிரி இருந்தது.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார்.

"நீங்களே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டிருக்கீங்க. இந்தம்மா அன்னைக்கே மாத்திச் சொல்லியிருக்காங்க, அது பொய்யின்னு சொன்னதும் நீங்கதான். இப்ப வேலை போன கோவத்துல சொல்றீங்கன்னு கம்பெனி சொல்லும். நான் என்னம்மா செய்யறது? அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்கு சொன்னது சார்."

"சாட்சி யாராவது இருக்காங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சாட்சியாக முடியாது என்று அதிகாரி தலையை அசைத்தார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு அப்புறம் அதிலிருந்து எதுவும் வரவில்லை. பக்கத்து இயந்திரத்துப் பெண்களை நான் தேடிப் போனேன். ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள், இன்னொருத்தி கதவையே திறக்கவில்லை. அக்கா கொஞ்ச நாளில் ஜூஜுவாடியிலிருந்தும் போய்விட்டார். கர்நாடக எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் எங்கோ வேலை என்றார்கள். போன் நம்பரும் மாறிவிட்டது. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்தான்.

சிங்காரப்பேட்டைப் பக்கம் போகும் பஸ் வர நேரம் இருந்தது. மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், செல்வி ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. செல்வி பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். வலது கையின் கட்டை விரலுக்கும் மடிக்கும் நடுவில் அதை அழுத்திக்கொண்டு இடது கையால் கிழிக்கப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடி அழுத்தினாள்.

"குடு, நான் பிரிச்சுத் தரேன்," என்று அக்கா கையை நீட்டினார்.

செல்வி பாக்கெட்டை எடுத்துத் தனக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, பல்லால் கடித்துக் கிழித்தாள். இரண்டு பிஸ்கட் உடைந்து கீழே விழுந்தது. மிச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். பஸ் வரும்வரை அக்கா அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.